நெட் எதுவரை வந்து நின்றது?

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் நங்கநல்லூரிலிருந்து சித்தப்பா அழைத்தார். முந்தைய நாள்தான் அவருடைய பழைய கணினியில் விண்டோஸ் 10-ஐ எடுத்துவிட்டு லினக்ஸ் மிண்ட் என்ற வேறோர் இயங்குதளத்தை (கணினியை ஓட்டும் அடிப்படை மென்பொருளை) போட்டுக் கொடுத்திருந்தேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ அவருடைய கணினியின் வயதைப் பார்த்ததும் வாசலிலேயே நிறுத்திவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் தூக்கிப்போட அவருக்கு மனமில்லை, எனக்கும்தான்.

“நெட் வரவில்லையப்பா. பழைய விண்டோஸையே திரும்பப் போட்டுவிடு. அதில் நன்றாகத்தானே வந்துகொண்டிருந்தது?”

“விளக்கு எரிகிறதா சித்தப்பா? கேபிள் செருகும் துளைக்குப் பக்கத்தில் சின்னதாக இருக்குமே?”

“விளக்கெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? நெட் வரவில்லை, அவ்வளவுதான்.”

பழவந்தாங்கலில் மின்சார ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் நெட் வருகிறதா என்று சோதிக்காமலே கிளம்பியது என் தவறு. ஆனால் அவர் சொன்ன அந்த இரண்டு வார்த்தைகளைத்தான் இந்தக் கட்டுரையில் பிரித்துப் பார்க்கப் போகிறேன். புது இயங்குதளம் போட்ட பிறகு கேபிள் வழி நெட் வராவிட்டால் அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். “டிரைவர் போயிருக்கும்” என்பார் ஒருவர். “ஐபி விழவில்லை” என்பார் இன்னொருவர். “டிஎன்எஸ்ஸை மாற்று, எல்லாம் சரியாகிவிடும்” என்பார் மூன்றாமவர். எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வேறொரு கட்டத்துக்கான மருந்து, அவ்வளவே. எந்தக் கட்டத்தில் நின்றிருக்கிறது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து பார்த்தால், நன்றாக இருந்ததும் கெட்டுப்போகும்.

குழாயில் தண்ணீர் வராத காலை

சென்னைக்காரர்களுக்கு இந்த விஷயம் புதிதே இல்லை. காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. உடனே குழாயையா கழற்றி மாற்றுகிறோம்? மெட்ரோ வாட்டர் விட்டார்களா, சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் போட்டார்களா, மொட்டைமாடித் தொட்டி நிறைந்ததா, வால்வை யாராவது மூடிவிட்டார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகிறோம். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மோட்டாரைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க மாட்டோம்.

நெட்டும் அப்படிப் படிப்படியாகத்தான் வருகிறது. கேபிள், கார்டு, முகவரி, வாசல், பெயர் என்று ஐந்து படிகள். இவற்றில் எந்தப் படி அறுந்தாலும் திரையில் தெரிவது ஒரே செய்திதான்: இணைப்பு இல்லை.

புதிதாகக் குடிவந்தவர்

‘கேபிள்தானே, செருகினால் வரவேண்டியதுதானே’ என்பதுதான் பரவலாக உள்ள தவறான எண்ணம். மின்விசிறியின் பிளக்கைச் செருகினால் மின்சாரம் தானாகப் பாய்கிறது, யாரும் யாரோடும் பேசவேண்டியதில்லை. நெட்வொர்க் கேபிள் அந்த வகையல்ல. அதன் இரு முனைகளிலும் இருப்பவர்கள் பேசி ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நகரும்.

இயங்குதளத்தை, வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் புதிதாகக் குடிவந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு அதே வீடு, படிக்கட்டும் அதே படிக்கட்டு. ஆனால் முன்பு இருந்தவருக்கு எந்தச் சாவி எந்தக் கதவுக்கு, கேட் எந்தப் பக்கம், வாட்ச்மேனிடம் என்ன சொல்லவேண்டும் என்பதெல்லாம் பழகியிருந்தது. அவர் காலிசெய்தபோது அந்தப் பழக்கமும் அவரோடு போய்விட்டது. புதியவர் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பல விஷயங்களை அவர் தானாகவே கேட்டுக்கொள்வார். சிலவற்றை நாம்தான் சொல்லவேண்டும். நம் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்தச் சிலவற்றில்தான் இருக்கின்றன.

கேபிளும் விளக்கும்

சென்னைக் கடற்கரையில் இறங்கி, கடலடியில் சுமார் 3,200 கிலோமீட்டர் ஓடிச் சிங்கப்பூரைத் தொடும் கேபிள் ஒன்று 2002 முதல் இயங்குகிறது. அதில் கோளாறு வந்தால் செய்தித்தாளில் போடுவார்கள். உங்கள் வீட்டுக் கோளாறோ பெரும்பாலும் மேசைக்குப் பின்னால், ஒட்டடை பிடித்த அரையடித் தூரத்துக்குள் இருக்கும்.

ஈதர்நெட் என்று சொல்லும் நெட்வொர்க் கேபிளின் முனையில் இருக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தலையை உற்றுப்பாருங்கள். உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். தலையின் ஒரு பக்கத்தில் நாக்கு மாதிரி ஒரு கொக்கி. துளைக்குள் போனதும் அந்தக் கொக்கிதான் ‘டக்’ என்று பிடித்துக்கொள்ளும். அடிக்கடி பிடுங்கிச் செருகினால் முதலில் உடைவது அதுவே. உடைந்த பிறகும் கேபிள் உள்ளே உட்கார்ந்திருப்பது போலத்தான் தோன்றும். ஆனால் ஒரு மயிரிழை பின்வாங்கினால் போதும், தொடர்பு அறுந்துவிடும்.

சித்தப்பா வீட்டில் மேசைக்கடியில் குனிந்தபோது முதலில் கண்ணில்பட்டது ஒரு பஸ் டிக்கெட். நான்காக மடித்து, ஓரம் கறுத்துத் தரையில் கிடந்தது. கொக்கி உடைந்த நாளிலிருந்து அந்த டிக்கெட்டைத்தான் துளையின் இடுக்கில் ஆப்பாக அடித்து வைத்திருந்தாராம். முந்தைய நாள் பென்டிரைவை பின்பக்கம் செருகுவதற்காக சிபியுவை இழுத்துத் திருப்பியது யார்? நான்தான். லினக்ஸுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

டிக்கெட்டை மறுபடி செருகியதும் துளைக்குப் பக்கத்தில் விளக்குகள் எரிந்தன. பொதுவாக இரண்டு இருக்கும். ஒன்று நிலையாக எரியும்: எதிர்முனையில் உயிருள்ள ஒரு கருவி இருக்கிறது, இரண்டும் கைகோத்துக்கொண்டன என்று பொருள். மற்றொன்று படபடவென்று மினுக்கும்: தகவல் போய்வருகிறது என்று பொருள். எந்த விளக்கும் எரியவில்லையென்றால் முதலில் மென்பொருள் பக்கம் போகாதீர்கள். கேபிளை மாற்றிப் பாருங்கள், எதிர்முனைப் பெட்டிக்கு மின்சாரம் இருக்கிறதா என்று பாருங்கள், அந்தப் பெட்டியில் வேறொரு துளையில் செருகிப் பாருங்கள். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் தலை பொருத்திய ஒரு மீட்டர் கேபிள் ஒன்றை வாங்கி வீட்டில் போட்டு வைத்தால், அரைநாள் வாக்குவாதம் மிச்சமாகும்.

துளை விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. ரவுட்டர் என்பது வெளியிலிருந்து வரும் ஒரே இணைப்பை வீட்டிலுள்ள பல கருவிகளுக்குப் பங்கிடும் பெட்டி. அதன் முதுகில் ஒரு துளை மட்டும் தனி நிறத்திலோ சற்று ஒதுங்கியோ இருக்கும். அது வெளியிலிருந்து வரும் கேபிளுக்கானது. கணினியின் கேபிளைத் தவறி அதில் செருகினாலும் விளக்கு அழகாக எரியும், நெட் மட்டும் வராது. இந்தத் தவறைச் செய்யாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

விளக்கு எரிந்தும் வேகம் மட்டும் நொடிக்கு 90 மெகாபிட்டைத் தாண்ட மறுக்கிறதா? நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிகளில் இரண்டு போதும். 1,000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். மீதி இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்திருந்தால், பெரும்பாலும் இரு முனைகளும் பேசி 100-க்கு இறங்கிக்கொள்ளும். புது இயங்குதளம் மெதுவாக இருக்கிறது என்று பழி சுமத்துவதற்கு முன் இதைப் பாருங்கள்.

இதுவரை: விளக்கு எரியவில்லையென்றால் கோளாறு பெரும்பாலும் கேபிளிலோ துளையிலோ எதிர்முனையிலோ இருக்கிறது. எரிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். ஆனால் விளக்கு எரிவதால் மட்டும் இயங்குதளத்துக்குக் கார்டு தெரிந்துவிட்டது என்று ஆகாது. கணினியை அணைத்த பிறகும் சில கார்டுகளில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

கதவைத் திறக்கத் தெரியுமா?

கேபிள் போய்ச் சேரும் இடத்தில் ஒரு சிப் இருக்கிறது. அதையும் துளையையும் சேர்த்து நெட்வொர்க் கார்டு என்கிறோம். முன்பு தனி அட்டையாகச் செருகினார்கள், இப்போது பெரும்பாலும் மதர்போர்டிலேயே வந்துவிடுகிறது. இந்தக் கார்டோடு எப்படிப் பேசுவது என்று இயங்குதளத்துக்குக் கற்றுத்தரும் சிறு மென்பொருள்தான் டிரைவர். ஊர் மொழி தெரியாத புதுக் குடித்தனக்காரருக்குத் துணைக்கு வரும் மொழிபெயர்ப்பாளர் என்று சொல்லலாம்.

இங்கே ஒரு வேடிக்கையான முடிச்சு இருக்கிறது. டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை. கணினியைவிட விண்டோஸின் நிறுவல் கோப்பு பழையதாக இருந்தால் இது நேரும். கார்டு சந்தைக்கு வருமுன்னே தயாரான கோப்புக்குள் அந்தக் கார்டின் டிரைவர் எப்படி இருக்கும்? 2.5 கிகாபிட் கார்டுகள் வந்த புதிதில் பலர் இதில் மாட்டினார்கள். விண்டோஸ் 11 அமைவின்போதே நெட் கேட்டு அடம்பிடிப்பதால் சங்கடம் இன்னும் அதிகம்.

விண்டோஸில் ‘டிவைஸ் மேனேஜர்’ என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். நெட்வொர்க் அடாப்டர்கள் என்ற தலைப்பின் கீழ் ரியல்டெக், இன்டெல் போன்ற பெயரோடு ஒரு வரி இருந்தால் நல்லது. அதற்குப் பதிலாக ஈதர்நெட் கன்ட்ரோலர் என்ற பெயருடன் மஞ்சள் முக்கோணம் நின்றால், கார்டு இருக்கிறது, மொழிபெயர்ப்பாளர் இல்லை. லினக்ஸில் பரவலான கார்டுகளுக்கான டிரைவர்கள் அதன் கருவோடு சேர்ந்தே வருகின்றன. அதனால் சித்தப்பாவுடையதைப் போன்ற பழைய கணினிகளில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது.

முடிச்சை அவிழ்க்கும் வழி உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி வயரால் கணினியில் இணைத்து, கைபேசி அமைப்பில் யுஎஸ்பி டெதரிங் என்பதை இயக்குங்கள். கைபேசியே தற்காலிக நெட்வொர்க் கார்டாக மாறிவிடும். பெரும்பாலான கணினிகள் தனி டிரைவர் கேட்காமல் இதை ஏற்றுக்கொள்ளும். அந்தச் சில நிமிட நெட்டில் கார்டுக்கான டிரைவரை இறக்கிக்கொண்டு கைபேசியைக் கழற்றிவிடலாம். டிரைவர் தேடித்தருவதாகச் சொல்லும் முகம் தெரியாத தளங்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். மதர்போர்டு அல்லது லேப்டாப் தயாரிப்பாளரின் தளமே போதும்.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. விண்டோஸ் உண்மையில் முழுதாக அணையாமல், விரைவாக எழுவதற்காக அரைத்தூக்கத்தில் கிடப்பதுண்டு. அது கார்டையும் அப்படியே உறங்கவைத்துவிட்டுப் போவதால், சில கணினிகளில் லினக்ஸுக்குக் கார்டு கண்ணில்படாது. விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்பதை நிறுத்திவிட்டு முழுதாக அணைத்து, மின்வயரையும் ஒரு நிமிடம் பிடுங்கிச் செருகுங்கள்.

வீட்டு எண் கொடுப்பவர்

கதவு திறந்தாயிற்று. அடுத்து, குடிவந்தவருக்கு ஒரு வீட்டு எண் வேண்டும். எண் இல்லாமல் அவர் கடிதம் போட்டாலும் பதில் எந்த வீட்டுக்கு வரும்? நெட்வொர்க்கில் அந்த எண்ணுக்குப் பெயர் ஐபி முகவரி. 192.168.1.7 என்பது போல நான்கு எண்கள், நடுவில் புள்ளிகள்.

இந்த எண்ணை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. வீட்டு ரவுட்டருக்குள் ஒரு குடியிருப்புச் சங்கச் செயலாளர் உட்கார்ந்திருக்கிறார். கணினி விழித்ததும் “இங்கே எண் கொடுப்பவர் யாராவது இருக்கிறீர்களா?” என்று பொதுவாகக் குரல்கொடுக்கும். “இருக்கிறேன், 7-ஆம் எண் காலியாக இருக்கிறது” என்பார் செயலாளர். “அப்படியானால் 7-ஐ எனக்கே கொடுங்கள்” என்று கணினி கேட்கும். “உனக்குத்தான், ஆனால் இத்தனை மணிநேரத்துக்கு” என்று அவர் குறித்துக்கொள்வார். இந்த நான்கு வரிப் பேச்சுக்குத்தான் டிஎச்சிபி என்று பெயர். எல்லாம் கண்சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும்.

குரல்கொடுத்தும் பதிலே வராவிட்டால்? விண்டோஸ் பொறுத்துப் பார்த்துவிட்டு 169.254 என்று தொடங்கும் எண் ஒன்றைத் தானே சூட்டிக்கொள்ளும். சாவி கிடைக்காமல் படிக்கட்டில் மூட்டையோடு உட்கார்ந்திருப்பவரின் நிலை அது. லினக்ஸ் பெரும்பாலும் எண்ணே இல்லாமல், இணைகிறேன் இணைகிறேன் என்று சுழன்றுவிட்டு ஓய்ந்துபோகும். உங்கள் எண்ணைப் பார்க்க, நெட்வொர்க் அமைப்பில் இணைப்பின் விவரங்களைத் திறந்தால் போதும். 169.254 என்று கண்டால், ‘ஐபி விழவில்லை’ என்று மக்கள் சொல்வது இதைத்தான் என்று புரிந்துகொள்ளுங்கள். கணினியின் குரல் செயலாளரை எட்டவில்லை, அல்லது அந்தப் பக்கம் செயலாளர் என்று யாருமே இல்லை.

‘யாருமே இல்லை’ என்பதை நினைவில் வையுங்கள். சித்தப்பா வீட்டு விவகாரம் அங்கேதான் போய் முட்டியது.

கேட்டும் பிங்கும்

எண்ணோடு சேர்த்துச் செயலாளர் இன்னொன்றும் சொல்லிவிடுவார்: வெளியே போக கேட் எங்கே என்று. அந்த கேட்தான் கேட்வே. பெரும்பாலான வீடுகளில் ரவுட்டரே கேட்வே, அதன் எண் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பதுபோல இருக்கும். வீட்டுக்குள் இருக்கும் பிரிண்டரோடு பேச கேட் தேவையில்லை. வெளியுலகத்துக்குப் போகும் ஒவ்வொன்றும் அதன் வழியாகத்தான் போகவேண்டும்.

கேட் வரை போகமுடிகிறதா என்று சோதிக்க, 1983-இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சின்னஞ்சிறு நிரல் ஒன்று இன்றைக்கும் ஏறக்குறைய எல்லாக் கணினியிலும் இருக்கிறது. அதன் பெயர் பிங். டெர்மினல் (விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்) என்ற கருப்புத் திரையைத் திறந்து ‘பிங்’ என்பதை நான்கு ஆங்கில எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கேட்வேயின் எண்ணைக் கொடுத்து என்டர் அழுத்துங்கள். கிணற்றில் கூழாங்கல்லைப் போட்டு சத்தம் கேட்பது போலத்தான். பதில் வந்தால் எத்தனை மில்லிநொடியில் வந்தது என்று வரிசையாகக் காட்டும். லினக்ஸில் அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தி நிறுத்துங்கள்.

முதல் கல் கேட்வேக்கு. அதற்குப் பதில் வந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி. இரண்டாவது கல் 8.8.8.8 என்ற எண்ணுக்கு. அது கூகுள் 2009 முதல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கும் கணினிகளின் எண், நினைவில் வைக்க எளிது. முதல் கல்லுக்குப் பதில் வந்து இரண்டாவதற்கு வராவிட்டால், பழுது பெரும்பாலும் ரவுட்டரிலோ அதற்கு வெளியிலோதான். வடகிழக்குப் பருவமழையில் தெருமுனைப் பெட்டிக்குள் நீர் இறங்கியிருக்கலாம், பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை வெட்டியிருக்கலாம். இந்த நிலையில் இயங்குதளத்தை நான்கு முறை திரும்பப் போட்டாலும் நெட் வராது.

இதுவரை: சரியான எண் கிடைத்ததா என்று பாருங்கள், பிறகு கேட்டுக்கு ஒரு கல், வெளியே ஒரு கல். எது திரும்பி வரவில்லை என்பதே பழுது இருக்கும் திசை.

பெயரைச் சொன்னால் வழி தெரிந்தவர்

இரண்டு கற்களுக்கும் பதில் வருகிறது, ஆனால் உலாவியில் எந்தத் தளமும் திறக்கவில்லை. விநோதமாகத் தோன்றும் இந்த நிலைதான் இருப்பதிலேயே எளிதாகத் தீரக்கூடியது.

இணையத்தில் பயணம் முழுக்க எண்களால்தான் நடக்கிறது. நமக்கு நினைவில் நிற்பவையோ பெயர்கள். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர். கதவு எண்ணெல்லாம் கேட்காமல், “பிள்ளையார் கோயிலுக்கு எதிர் சந்து” என்றதும் வண்டியைத் திருப்பும் பழைய ஆட்டோக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாடு வருவதற்கு முன், பெயர்களும் எண்களும் அடங்கிய ஒரே ஒரு பட்டியலை ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் பராமரித்தார்கள். மற்ற கணினிகள் அதைப் படியெடுத்துக்கொண்டன. பட்டியல் கட்டுக்கடங்காமல் போகவே 1983-இல் பால் மோகபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார்.

எந்த ஆட்டோக்காரரிடம் கேட்பது என்பதையும் வழக்கமாகச் செயலாளரே சொல்லிவிடுவார். அவர் சொன்ன ஆள் தூங்கிவிட்டால், நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் என்ற கட்டத்தில், இதே வேலையைப் பொதுமக்களுக்குச் செய்யும் 8.8.8.8 (கூகுளுடையது) என்றோ 1.1.1.1 (கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்துடையது) என்றோ நீங்களே எழுதிவிடலாம். ஆனால் இந்தக் கடைசிப் படி பழுதானால் மட்டுமே இந்த மருந்து வேலைசெய்யும். விளக்கே எரியாத கணினியில் டிஎன்எஸ்ஸை மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது, வண்டியில் பெட்ரோல் இல்லாதபோது வழிகேட்பவர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒவ்வொரு தளமும் ‘பாதுகாப்பற்றது’ என்று மிரட்டினால், திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய கணினிகளில் மதர்போர்டின் மேலுள்ள சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்திருந்தால், ஒவ்வொரு முறையும் கணினி பல வருடங்களுக்கு முந்தைய ஏதோ ஒரு நாளில் கண்விழிக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. அந்தக் கணினிக்கு அவையெல்லாம் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைத் திருத்துங்கள், பேட்டரியை மாற்றுங்கள்.

பழைய குடித்தனக்காரர் கொண்டுபோன கேட் பாஸ்

இனி சித்தப்பா வீட்டுக்கு வருகிறேன். விளக்கு எரிந்தது. கார்டு தெரிந்தது. எண் மட்டும் வரவில்லை. ரவுட்டர் எங்கே என்று தேடினால், ரவுட்டரே இல்லை. பக்கத்துக் கட்டடத்து மாடியிலிருந்து மரக்கிளை வழியாக வந்த நீல நிற கேபிள், ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து நேராகக் கணினியில் ஏறியிருந்தது. எண் கொடுக்கும் செயலாளர் அங்கே கிடையாது. கேட்டவுடன் எண் தரும் வழக்கமும் அந்த இணைப்பில் இல்லை.

“சித்தப்பா, முன்பெல்லாம் கணினியைப் போட்டதும் நெட்டுக்காக ஏதாவது அழுத்துவீர்களா?”

“ஒரு சின்னப் பெட்டி வரும், கனெக்ட் என்பதை அழுத்துவேன். அது எல்லோரும் செய்வதுதானே?”

எல்லோரும் செய்வதில்லை. சென்னையின் பல தெருக்களில் கேபிள்காரர்கள் இப்படித்தான் இணைப்புக் கொடுத்துப் பழகியிருந்தார்கள். இணைப்பைத் தருமுன் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்டுச் சரிபார்க்கும் இந்த முறைக்கு பிபிபிஓஇ என்று பெயர். 1999 முதல் புழக்கத்தில் உள்ளது. பேச்சுவழக்கில் டயலர். ரவுட்டரோ ஃபைபர் பெட்டியோ இருக்கும் வீடுகளில், அந்த விவரங்களைப் பெட்டியே வைத்துக்கொண்டு தானே டயல் செய்துகொள்ளும். அங்கே இயங்குதளத்தை மாற்றினாலும் எதுவும் கெடாது. நேராகக் கணினிக்குக் கேபிள் வரும் வீட்டில் அந்த விவரங்கள் பழைய விண்டோஸுக்குள் இருந்தன. வன்தட்டை அழித்தபோது கேட் பாஸையும் சேர்த்து அழித்துவிட்டேன். சித்தப்பாவைப் பொறுத்தவரை விண்டோஸில் நெட் வந்தது, லினக்ஸில் வரவில்லை. உண்மையில் நெட் வந்தது அந்தச் சின்னப் பெட்டியால்.

இங்கே விண்டோஸ்காரர்களுக்கு உதவும் இரண்டு எண்கள். டயல் செய்யும்போது பிழை 691 என்றால், எதிர்முனை பேசுகிறது, ஆனால் பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை, அல்லது கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. சந்தா தீர்ந்தாலும் இது வரலாம். பிழை 651 என்றால் பெரும்பாலும் எதிர்முனையிலிருந்து பதிலே வரவில்லை. மறுபடி கேபிளுக்கும் டிரைவருக்கும் போகவேண்டும்.

கேபிள்காரர்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தயாரிப்பின்போதே பொறித்த 12 எழுத்தெண் கொண்ட அடையாளம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் மேக் முகவரி. சிலர் அதைக் குறித்துவைத்துக்கொண்டு, அந்தக் கார்டுக்கு மட்டும்தான் நெட் தருவார்கள். ‘புது இயங்குதளம் போட்டால் மேக் மாறிவிடும்’ என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது வழக்கமாக மாறாது, கார்டோடு பிறந்தது அது. புதுக் கணினி வாங்கினால், யுஎஸ்பி அடாப்டர் மாட்டினால், ரவுட்டரில் போன கேபிளைப் பிடுங்கி நேராகக் கணினியில் செருகினால்தான் மாறும். அப்படியிருந்தால் கேபிள்காரரை அழைத்து, ‘நெட் வரவில்லை’ என்று சொல்லாமல், “விளக்கு எரிகிறது, கார்டு மாறியிருக்கிறது, புது மேக்கைப் பதிந்துகொள்ளுங்கள்” என்று சொல்லுங்கள். ஆள் அனுப்புகிறேன் என்று நாளைக் கடத்துபவரும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்.

இன்னும் பழைய இயங்குதளத்தை அழிக்காதவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அழிக்கும் முன் நெட்வொர்க் அமைப்புப் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். டயலரில் உள்ள பயனர்பெயர், கையால் எழுதிய ஐபி எண்கள், டிஎன்எஸ் எல்லாம் அதில் வரவேண்டும். கடவுச்சொல் திரையில் புள்ளிகளாகத்தான் தெரியும், அதைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

காலண்டர் அட்டை

சித்தப்பாவின் கடவுச்சொல், கூடத்தில் தொங்கிய தினசரிக் காலண்டரின் அட்டைக்குப் பின்னால் பென்சிலில் எழுதியிருந்தது. அட்டை நான்கு வருடத்துக்கு முந்தையது. ஒவ்வொரு ஜனவரியிலும் புதுக் காலண்டருக்குப் பின்னால் அதையும் சேர்த்து மாட்டிவிடுவாராம். லினக்ஸ் மிண்ட்டின் நெட்வொர்க் இணைப்புகள் பக்கத்தில் பிபிபிஓஇ வகையில் புதிதாக ஒன்றைச் சேர்த்து, பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினேன். சுழன்றது, நின்றது. மறுபடி தட்டினேன். மறுபடி நின்றது.

“விண்டோஸைப் போட்டுவிடேன்” என்றார், இந்த முறை சற்று மெதுவாக.

அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நடுவில் இருந்த வட்டத்தை நான் ஆங்கில ‘ஓ’ என்று படித்திருந்தேன். பூஜ்யமாக மாற்றித் தட்டியதும் மூலையில் இருந்த சின்னப் படம் சுழலாமல் நிலைத்தது. 8.8.8.8-க்கு ஒரு கல் போட்டேன். பதில் வந்தது.

சித்தப்பா முதல் வேலையாக மின்கட்டணத்தைக் கட்டினார். பிறகு பென்சிலை எடுத்துக் காலண்டர் அட்டையில் அந்தப் பூஜ்யத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, அட்டையைப் பழைய ஆணியிலேயே மாட்டினார்.